அந்தியூர், பழநி, கோடைக்கானல்: மீண்டும் குதிரையின் மேல்

புதன், அந்தியூர்

ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயிலின் ஆடித் திருவிழா இன்று தொடங்கியது. மகமேருத் தேர்களில் எழுந்தருளும் தெய்வங்களைப் பக்தர்கள் தோளில் சுமந்து வனக்கோயிலுக்குக் கொண்டு செல்கிறார்கள். கூட்டத்தோடு நானும் சிறிது தூரம் நடந்து, கும்பிட்டுவிட்டு, கோயிலைச் சுற்றியுள்ள திடல்களில் கூடியிருக்கும் சந்தைக்குள் நுழைந்தேன். பர்கூர் மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த, செம்மேனியில் வெள்ளைத் திட்டுகள் படர்ந்த மாடுகள் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை குதிரைகள். திப்பு சுல்தான் தம் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்று இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

குஜராத்தின் வறண்ட நிலத்திலிருந்து வந்த கத்தியவார் இனமும், ராஜஸ்தானத்தின் ரத்தோர் அரசர்கள் போருக்காகப் பேணி வளர்த்த மார்வார் இனமும் அருகருகே கட்டப்பட்டிருந்தன. இரண்டுக்கும் காதுகள்தான் அடையாளம். நுனிகள் உள்நோக்கி வளைந்து, நிமிர்த்திப் பிடிக்கும்போது ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். மார்வார்க் குதிரை, நாடு விடுதலை பெற்றுச் சமஸ்தானங்கள் மறைந்தபின் அழிவின் விளிம்புவரை போய், அக்கறை கொண்ட சிலரின் முயற்சியால் மீண்டு வந்த இனம். அதை இவ்வளவு எண்ணிக்கையில் ஒரே திடலில் பார்த்தது நிறைவாக இருந்தது. வெண்மயிரும் அதனடியில் இளஞ்சிவப்புத் தோலும் கொண்ட நுக்ராக் குதிரைகளைச் சுற்றித்தான் கூட்டம் அதிகம். ஊர்வலங்களுக்கு அவற்றை விரும்பி வாங்குகிறார்கள். நான் தேடி வந்தவை ஓரமாக நின்றன. உயரம் குறைந்த, கழுத்து தடித்த, பார்ப்பவர்கள் அதிகம் நிற்காமல் கடந்து போகும் நாட்டுக் குட்டைக் குதிரைகள் அவை.

பழநி அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் அடுத்த வீட்டில் ஜட்கா ஓட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் வண்டிக்காரத் தாத்தா. அவருடைய லாயத்தில் எப்போதும் இரண்டு மூன்று குதிரைகள் நிற்கும். அவற்றின் வெற்று முதுகில் ஏறித்தான் நான் குதிரையேற்றம் கற்றேன். பாவாடை போய்த் தாவணி வந்த ஆண்டில் அது நின்றது. யாரும் என்னைத் திட்டி நிறுத்தவில்லை. வயதுக்கு வந்த பெண் குதிரை மேல் ஏறக்கூடாது என்பது வீட்டிலும் தெருவிலும் பேசாமலே முடிவான செய்தி. பிறகு படிப்பும் வேலையும் குடும்பமுமாக ஆண்டுகள் ஓடின. பிள்ளைகள் வளர்ந்து தம் வழியில் சென்றுவிட்ட இந்த ஆண்டில், மீண்டும் ஏறிவிடுவது என்ற உறுதியோடு விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். தாத்தா தம் குதிரைகளை இந்த ஆடிச் சந்தையில்தான் வாங்குவார். அதனால் பயணத்தை இங்கிருந்து தொடங்குவதே முறை என்று பட்டது.

வியாழன், அந்தியூர்

நேற்றைய நெரிசலில் பேச முடியாதவர்களோடு இன்று காலையில் பேச முடிந்தது. காங்கேயம் பக்கத்திலிருந்து குட்டைக் குதிரைகளோடு வந்திருந்த ஒரு பெரியவர், வாங்க வந்த இளைஞர் ஒருவருக்குப் பல் பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டரை வயதை ஒட்டி நடு முன்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் வரும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அவற்றின் பக்கத்துப் பற்களும் ஓரப் பற்களும் மாறி, ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன்பின் கீழ்ப்பற்களின் மேற்பரப்பிலுள்ள குழி, ஆறு வயதிலிருந்து நடுவில் தொடங்கி ஒவ்வொரு சோடியாகத் தேய்ந்து மறையும். பத்து வயதை நெருங்கும்போது மேல்தாடையின் ஓரப்பல்லில் ஈறை ஒட்டி ஒரு பள்ளக் கோடு தோன்றிப் பிறகு ஆண்டுதோறும் கீழே இறங்கும். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. விரலால் உதட்டை விலக்கித் தொட்டுக் காட்டியே சொன்னார். எங்கள் தாத்தாவும் இப்படித்தான் சொன்னார். அப்போது என் விரலையே பிடித்து அந்தப் பள்ளத்தின் மேல் வைத்துக் காட்டினார்.

சந்தையில் பல்லுக்கு அடுத்தது சுழி. நெற்றியில், கழுத்தில், மார்பில், விலாவில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைக் கொண்டு, வாங்குபவரின் குடும்பத்துக்கு ஆகுமா ஆகாதா என்று முடிவு செய்கிறார்கள். நான்கு கால்களும் முகமும் வெளுத்த பஞ்சகல்யாணிக்கு விலை ஏறுகிறது; ஆகாத சுழி உள்ள நல்ல குதிரை மலிவாகப் போகிறது. இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆகாத சுழி என்று எவரும் தொடாத குதிரைகளைத்தான் தாத்தா தேடி வாங்குவார்; அவருடைய முதலுக்கு அவைதான் கட்டுப்படியாகும். அப்படி வந்த குதிரைகள் எதுவும் அந்த வீட்டுக்குக் கேடு செய்ததில்லை. அந்தக் குடும்பமே அவற்றின் உழைப்பில் சாப்பிட்டது.

பெரியவர் என்னை நெடுநேரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார் போலும். "முன்னாடியே பழக்கமுங்களா அம்மிணி?" என்று கேட்டார். எப்படித் தெரிந்தது என்றேன். "நேரா மூஞ்சிக்கு முன்னாடி வந்து நிக்காம, தோள்பக்கமா வந்தீங்களே, அதுல தெரிஞ்சுதுங்க" என்றார். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர்முன்னே சிறிது இடமும், வாலுக்கு நேர்பின்னேயும் மட்டும் தெரியாது. அறியாதவர்கள் அந்த இரண்டு இடங்களிலேயே போய் நிற்பார்கள். இதை நான் யோசித்துச் செய்யவில்லை. கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் போயிருக்கின்றன. பெரியவர் ஒரு செவலைப் பெட்டைக் குதிரையின் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்து, "தண்ணி காட்டிட்டு வாங்க" என்றார். தொட்டிவரை நாங்கள் இருவரும் நடந்தோம். அது குடித்து முடிக்கும்வரை அதன் காதுகள் ஒவ்வொரு மிடறுக்கும் முன்னும் பின்னுமாக அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரை தண்ணீர் குடிக்கும்போது காது அசையும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒன்றை வருத்தத்தோடு எழுதவேண்டியிருக்கிறது. மேளத்துக்குக் கால் தூக்கி ஆடும்படி பழக்கிய குதிரைகள் சிலவற்றின் வாயோரத்தில் புண் இருந்தது. வேலை செய்யும் விலங்குகளை வதைப்பதைத் தடுக்க இயற்றப்பட்ட 1965ஆம் ஆண்டின் விதிகள் முள் வைத்த கடிவாளத்தை அடியோடு தடை செய்கின்றன. குதிரையின் வாய்க்குள், முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, பல்லே இல்லாத வெறும் ஈறு இருக்கிறது. கடிவாள இரும்பு அதன் மேல்தான் அமர்கிறது. மழமழப்பான இரும்பே அங்கு மெதுவாகப் படவேண்டும் என்னும்போது முள்ளை வைப்பது கொடுமை. இதே திடலில், கயிறு மட்டும் கட்டித் தம் குதிரையைப் பேச்சாலேயே திருப்பி நிறுத்தியவர்களையும் பார்த்தேன். அப்படிப் பழக்குவதற்குக் கூடுதல் காலம் வேண்டும். அந்தக் காலத்தைக் கொடுக்க மனமுள்ளவர்களிடமே குதிரை இருக்கவேண்டும்.

வெள்ளி, பழநி

காங்கேயம், தாராபுரம் வழியாகப் பேருந்தில் வந்து சேர்ந்தேன். தெரு மாறிவிட்டது. தாத்தாவின் லாயம் இருந்த இடத்தில் இப்போது பக்தர்கள் தங்கும் விடுதி நிற்கிறது. இது எல்லா ஊர்களிலும் நடந்ததே என்பதால் அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. அங்கிருந்த குதிரைகளைப் பற்றி எழுதவேண்டும். அவற்றைப் படம் பிடித்து வைத்தவர்கள் யாரும் இல்லை. அவற்றை நினைவில் வைத்திருப்பவர்களும் இனி மிகச் சிலர்தான்.

மூத்தது முத்து. சாம்பல் நிறமாக வந்து வயதாக ஆக வெளுத்துப்போன குதிரை. ரயில் நிலையத்துக்கும் அடிவாரத்துக்குமான பாதை அதற்குப் பாடம். தாத்தா கண்ணயர்ந்தாலும் வண்டியை அது வீடு சேர்க்கும். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் ஊர் முழுக்கக் காவடியும் கொட்டும் கூட்டமுமாக இருக்கையில் மற்ற வண்டிக் குதிரைகள் மிரண்டு பக்கவாட்டில் ஒதுங்க, முத்து மட்டும் தலையைத் தாழ்த்திக்கொண்டு நேரே நடக்கும். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்திருப்பார்கள். ஏறியவர்களைத் தாத்தா உடனே கிளம்பிக் கொண்டுபோகமாட்டார். "கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்கம்மா", "ஐயா, நீங்க பின்னால வாங்க" என்று இடம் மாற்றி மாற்றி அமரவைப்பார். பின்பாரம் மிகுந்தால், குதிரையின் இரு பக்கமும் நீளும் வண்டித் தண்டுகளான ஏர்க்கால்கள் மேலே தூக்கி வயிற்றுவாரை இழுத்து இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் முழு எடையும் முதுகில் இறங்கும். ஏர்க்காலைத் தம் உள்ளங்கையால் தூக்கிப் பார்த்து, கைக்குக் கனம் தெரியாத நிலை வந்தபின்தான் அவர் வண்டியில் ஏறுவார். அவசரப்படும் பயணிகளிடம் அதற்காக அவர் ஒருபோதும் மன்னிப்புக் கேட்டதில்லை.

துரை கருப்பு. இளம் குதிரை, கடிக்கும். என் இடது தோளில் அது பதித்த தழும்பு இன்னும் இருக்கிறது. முன்பு அதை வைத்திருந்தவர்கள் அடித்தே பழக்கியிருந்ததால் கை உயர்ந்தாலே பல்லைக் காட்டும். தாத்தா அதைப் பல மாதங்கள் வண்டியில் கட்டவில்லை. வருமானம் இல்லாத குதிரைக்குக் கொள்ளு போடுகிறாரே என்று தெருவில் பேசினார்கள். அவர் தினமும் மாலையில் அதன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பீடி சுற்றுவார், அவ்வளவுதான். ஒருநாள் அது தானாக வந்து அவர் தோளில் தாடையை வைத்தது. அதன்பின் துரை எந்தக் குழந்தையையும் கடித்ததில்லை.

என்னுடையது ராணி. ஊராருக்கு அது தாத்தாவின் குதிரைதான். எனக்கும் ராணிக்கும் வேறு கணக்கு இருந்தது. செவலை நிறம், நெற்றியில் சிறிய வெள்ளைப் பொட்டு, எவரும் வாங்க மறுத்த ஒரு சுழி. வெயில் தாழ்ந்தபின் குதிரைகளைச் சண்முகநதிக்கு ஓட்டிப்போய்க் குளிப்பாட்டுவது வழக்கம். போகும்போது நான் ராணியின் முதுகில் ஏறிக்கொள்வேன். சேணம் கிடையாது, பாதம் வைக்க அங்கவடி கிடையாது. பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுவும் இழுக்காமல். "கையால புடிக்காத கண்ணு, தொடையால புடி. முதுகு எங்க போவுதோ நீயும் அங்க போ" என்று தாத்தா பக்கத்தில் நடந்தபடி சொல்வார். இடுப்பைத் தளர்த்தி, முழங்காலை இறுக்காமல், பார்வையைக் காதுகளுக்கு நடுவே வைத்துக்கொள்ள அப்படித்தான் பழகினேன். நதியில் இறங்கியதும் ராணி முன்காலால் தண்ணீரை அடித்துத் தெளிக்கும். அடுத்தது அது படுத்துப் புரளப்போகிறது என்று பொருள். அதற்குள் குதித்து இறங்கிவிட வேண்டும்.

முத்துவின் கடைசி இரவை நான் நேரில் பார்த்தேன். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உணவுக் குழாய் இரைப்பையில் சேரும் இடத்திலுள்ள தசை உள்ளே போவதை மட்டும் விடும், திரும்பி வர விடாது. உடம்போடு ஒப்பிட்டால் இரைப்பையும் சிறியது. அதனால்தான் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை தீனி போடவேண்டும். திருவிழாக் கூட்டத்தில் எவரோ அன்போடு நிறைய சோறும் பழமும் ஊட்டிவிட்டார்கள். இரவில் வயிற்றுவலி கண்டது. படுக்கவிட்டால் புரண்டு குடல் முறுக்கிக்கொள்ளும் என்று தாத்தாவும் அவர் மகளும் மாறி மாறி அதைத் தெருவில் நடத்திக்கொண்டே இருந்தார்கள். கால்நடை மருத்துவர் வந்து ஊசி போட்டார். விடியும் முன் முத்து போய்விட்டது. அன்று எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. ஒரு வண்டிக் குதிரைக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததை நினைத்து நான் இன்றும் என் தெருவை நேசிக்கிறேன்.

தாத்தாவின் மகளை இன்று சந்தித்தேன். என்னைப் பார்த்ததும், "ராணி மேல குந்திக்கிட்டு வருவியே, அந்தப் புள்ளையா நீ?" என்று கன்னத்தைத் தடவினார். ஆட்டோக்கள் பெருகி ஜட்காவுக்குச் சவாரி குறைந்தபின், தீனிக்கே வழியில்லாத நிலையில் ராணியைக் கோடைக்கானலில் சவாரிக் குதிரை வைத்திருப்பவருக்கு விற்றார்கள். அந்தச் சமயத்தில் நான் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன். "மலைல குளிருக்குத் தாங்குமான்னுதான் அத்தா ரொம்ப நாள் பொலம்பிட்டு இருந்தாரு" என்றார் அக்கா. நல்ல பராமரிப்பில் குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழும்; ராணியின் காலம் எப்போதோ முடிந்திருக்கும். ஆனாலும் மீண்டும் ஏறுவதென்றால் அது போன மலையிலேயே ஏறவேண்டும் என்று வீட்டில் கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன்.

சனி, கோடைக்கானல்

பழநியிலிருந்து பெருமாள்மலை வழியாக மேலே வந்தேன். ஆகஸ்ட் மாதத்து மூடுபனி ஏரியின் பாதியை மறைத்திருந்தது. 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்சு அமைத்த இந்த ஏரியைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். படகுக் குழாமுக்கு அருகே சவாரிக் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன.

உடனே ஏறிவிடவில்லை. மட்டக்குதிரையின் முதுகில் ஏற்றக்கூடிய சுமை எழுபது கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று மேலே சொன்ன 1965ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. சிறிய குதிரையின் மேல் நன்கு வளர்ந்த ஆண்கள் ஏறி, பின்னால் ஒரு குழந்தையையும் அமர்த்திக்கொண்டு படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது, கட்டணம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் எப்படி வருகிறது என்று மனம் கசந்தது. குழந்தைகளை ஏற்ற விரும்பும் பெற்றோர் கட்டாயம் ஏற்றுங்கள். குதிரையோடு பழகாத குழந்தைப் பருவம் ஒரு குறைதான். ஏற்றும் முன் சேணத்தைத் தூக்கி முதுகைக் காட்டச் சொல்லுங்கள். முதுகெலும்பின் மேட்டிலோ வயிற்றுவார் படும் இடத்திலோ புண் இருந்தால் அந்தக் குதிரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நடக்கும்போது ஒரு முன்காலை ஊன்றும் நேரத்தில் மட்டும் தலை மேலே போகிறதா என்று பாருங்கள். போனால் அந்தக் காலில் வலி இருக்கிறது. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் கழற்றிச் சீவி அடிக்கவேண்டும். லாடத்தைத் தாண்டிக் குளம்பு வளர்ந்து நின்றால் அக்கறை குறைவு என்று தெரிந்துகொள்ளலாம். நாம் இப்படிக் கேட்கக் கேட்கத்தான் நன்றாக வைத்திருப்பவருக்குச் சவாரி பெருகும்.

அப்படிப் பார்த்துக்கொண்டே போனதில் ஒரு தம்பியின் குதிரைகள் மனதுக்குப் பிடித்தன. எல்லாவற்றுக்கும் மேல் கம்பளி போர்த்தியிருந்தார். அவற்றில் ஒன்று உயரமான கத்தியவார்க் கலப்புப் பெட்டை, அடர்ந்த பழுப்பு நிறம். சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கியபின் அவர் அதைச் சில அடிகள் நடத்திவிட்டு மறுபடியும் இறுக்கினார். இறுக்கும் நேரத்தில் குதிரை மூச்சுப் பிடித்து வயிற்றை உப்பவைக்கும், நடந்தபின் தளர்ந்துவிடும். இது தெரிந்தவரை நம்பலாம். இடப்பக்கம் நின்று, பிடரியோடு கடிவாள வாரையும் சேர்த்துப் பிடித்து, அங்கவடியில் காலை வைத்து எழும்பினேன். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே வர, ஏரியைச் சுற்றி நடையிலேயே வந்தோம். முதல் வளைவுவரை தொடைகள் இறுகியே இருந்தன. பிறகு எந்த இடத்தில் என்று சொல்லத் தெரியவில்லை, இடுப்பு தளர்ந்து குதிரையின் முதுகோடு போகத் தொடங்கியது. உடனே அந்தப் பெட்டையின் ஒரு காது என் பக்கம் திரும்பிற்று. அது என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. எனக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. தம்பி அதைப் பார்த்தும் பாராததுமாக, "நாளைக்கு விடியக்காலைல வாங்கக்கா, ரோட்டுல வண்டி இருக்காது. கயிறு இல்லாமயே போலாம்" என்றார்.

ஞாயிறு, கோடைக்கானல்

விடிவதற்குள் வந்துவிட்டேன். தம்பி வேறொரு குதிரையில் முன்னே போக, நான் பழுப்புப் பெட்டையில் பின்தொடர்ந்தேன். ஏரிச் சாலையை விட்டு வில்பட்டிக்குப் போகும் சாலையில் இறங்கி, அங்கிருந்து தோட்டங்களுக்கு இடையே செல்லும் மண்பாதைக்கு வந்தோம். மலைப்பூண்டுப் பாத்திகளும் பேரி மரங்களும் இருபுறமும் நனைந்து நின்றன.

நடையில் நான்கு கால்களும் தனித்தனியாக ஊன்றும். நடையைவிட வேகமான துள்ளோட்டத்தில் மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால்கள் சேர்ந்து ஊன்றுவதால் இரண்டே தாளம். அதற்கேற்ப ஒரு தாளத்துக்கு எழும்பி மறு தாளத்துக்கு அமராவிட்டால் குதிரையின் முதுகு நோகும், நம் முதுகும் நோகும். சண்முகநதிப் பாதையில் அங்கவடி இல்லாமல் பழகியவளுக்கு எழுந்தமரும் வித்தை தெரியாது. இன்றுதான் தம்பியிடம் கற்றுக்கொண்டேன். பிடிபடச் சிறிது நேரம் ஆயிற்று. ஆனால் இந்தப் பெட்டைக்குக் கத்தியவார், மார்வார் இனங்களுக்கு உரிய ரேவால் நடையும் வருகிறது. ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் அடுத்தடுத்து ஊன்றும் அந்த நடையில் முதுகு மேலும் கீழும் குதிப்பதில்லை. தெப்பத்தில் அமர்ந்து போவது போல் இருந்தது. பாலைநிலத்தில் நாள் முழுதும் சவாரி செய்தவர்கள் ஏன் இந்த இனங்களைக் கொண்டாடினார்கள் என்பது அந்த ஒரு நடையிலேயே விளங்கிவிடுகிறது.

பாதை அகன்று சற்றே மேடேறும் ஓர் இடத்தில் தம்பி திரும்பி, "விடலாமாக்கா?" என்று கேட்டார். விடலாம் என்றேன். என் வெளிப்பக்கக் கால் சற்றுப் பின்னே போய்த் தொட்டதும் பெட்டை பாய்ச்சலில் விழுந்தது. எனக்கு இதை எவரும் பெயர் சொல்லிக் கற்றுத்தந்ததில்லை. நதியிலிருந்து திரும்பும்போது லாயத்தில் கொள்ளு காத்திருப்பது தெரிந்து ராணி தானே பாயும். நான் விழாமல் இருக்க உடம்பு என்ன செய்யவேண்டுமோ அதைச் செய்யும். அந்த மாலைகளில் உடம்பு கற்றுக்கொண்டது அத்தனையும் இன்று அப்படியே இருந்தது. படித்ததில் எவ்வளவோ மறந்துவிட்டேன், பழகிய மனிதர்களின் முகங்கள்கூட மங்கிவிட்டன. ஒரு வண்டிக் குதிரை சொல்லிக்கொடுத்த இருக்கை மட்டும் கலையாமல் இருக்கிறது. நான் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேன் என்று எண்ணினால், ஆசிரியர்கள் பெயர்களுக்கு நடுவே ராணியின் பெயரையும் வைக்காமல் அந்தக் கணக்கு முடியாது.

இறங்கியபின் கால்கள் நடுங்கின. பெட்டையின் சேணத்தை அவிழ்த்து, வியர்வை ஆறும்வரை நடத்தி, முதுகைத் தேய்த்துவிட்டேன். அதைச் செய்ய விடவேண்டும் என்பதை நேற்றே நிபந்தனையாகச் சொல்லியிருந்தேன். சவாரியைவிட அந்த நேரம்தான் எனக்கு இன்னும் பிடித்திருந்தது.

திங்கள், வட்டக்கானல்

தொடைகளில் வலி இருந்ததால் இன்று சவாரி இல்லை. காலையில் வட்டக்கானலுக்குப் போனேன். அங்கிருந்து டால்பின்ஸ் நோஸ் பாறை வழியாக வெள்ளகவி என்ற சிற்றூருக்கும், அதைக் கடந்து கும்பக்கரை வரைக்கும் இறங்கும் செங்குத்தான பாதை இருக்கிறது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845இல் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய காலத்தில், மலைச்சாலை வருவதற்கு நெடுநாள் முன்பு, மேலே வருவதற்குப் பெரியகுளம் பக்கத்திலிருந்து குதிரையும் சுமைக்காரர்களும் ஏறிய வழிதான் இருந்தது. நெடுங்காலம் சாலையே இல்லாத வெள்ளகவிக்கு அரிசியும் எண்ணெயும் சிமென்ட்டும் இறங்கியதும், அங்கு விளையும் காப்பியும் பழங்களும் மேலே ஏறியதும் குதிரைகளின் முதுகிலேதான்.

வேரும் பாறையும் கலந்த அந்த இறக்கத்தில் சுமைக் குதிரைகள் இறங்குவதைச் சிறிது தூரம் உடன் நடந்து பார்த்தேன். மூக்கைத் தரைக்கருகே கொண்டுவந்து, முன்கால் வைக்கும் கல்லை முதலில் பார்த்து, அது அசையாது என்று உறுதியான பின்பே எடையை இறக்குகின்றன. ஓட்டி வந்தவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, கோலும் எடுக்கவில்லை. குதிரை நின்றால் அவரும் நின்றார். "அதுக்குத் தெரியாத வழியா, நாம என்ன சொல்றது" என்றார். ஒரு குதிரையின் மூட்டை பக்கவாட்டில் சரிந்திருந்தது. அவர் அதை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, இரு பக்கத்துப் பாரத்தையும் கையால் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சமன் செய்தபின்தான் நகர்ந்தார். தாத்தாவும் அவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் இந்தத் தொழிலின் அறம் இருவருக்கும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. அரங்கத்தில் பரிசு வாங்கும் குதிரைகளையும் போர்க்களத்தில் பெயர் பெற்ற குதிரைகளையும் பற்றி எழுத எப்போதும் ஆட்கள் உண்டு. நம் ஊர்களுக்கு அரிசி சுமந்த குதிரைகளையும், நம்மைக் கோயிலுக்குக் கொண்டுசேர்த்த குதிரைகளையும் பற்றி அந்தந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் எழுதினால்தான் உண்டு. ஆதலால், உங்கள் ஊர் ஜட்காக் குதிரைகளின் பெயர் நினைவிருந்தால் எழுதுங்கள். நிறமும் குணமும் சேர்த்து எழுதுங்கள்.

நாளை காலைப் பேருந்தில் ஊர் திரும்புகிறேன். எங்கள் நகரத்தில் குதிரையேற்றப் பயிற்சி தரும் இடம் ஒன்றுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டேன். வார இறுதி வகுப்பில் பெரியவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தலைக்கவசம் அவர்களே தருவார்கள். அங்கவடிக்குள் பாதம் முழுதாக நுழைந்து சிக்கிக்கொள்ளாமல் இருக்க, குதிகால் உயர்ந்த பூட்ஸ் மட்டும் நான் வாங்கிக்கொள்ள வேண்டும். எழுந்தமரும் பயிற்சியைத்தான் முதலில் கேட்டிருக்கிறேன்.